உம்மாவின் தமிழும் வினாத்தாளின் தமிழும்

பெற்றோர் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. "டீச்சர், எனக்கு நல்ல தமிழ் பேச வராது. புள்ளட வாப்பா வந்தா பேசுவாங்க." பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள், இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எந்தத் தோழியோடு கோபம் என்பதெல்லாம் அந்தத் தாய்க்குத்தான் தெரியும். ஆனால் கேட்க வந்த கேள்வியைக் கேட்காமலே அவர் வீடு திரும்பிவிடுவார்.

சென்ற தவணையில் இவ்வாறு ஒரு தாய் பேசாமல் எழுந்து போனார். அதே வாரத்தில் தரம் ஒன்பது மாணவி ஒருத்தியின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, 'எனது பாட்டி'. பாட்டி பூந்தோட்டத்தில் உலாவினார், பேரப்பிள்ளைகளுக்கு நீதிக் கதைகள் கூறினார், அனைவரிடமும் அன்பாகப் பழகினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. உயிரும் இல்லை. "யார் மகள் இந்தப் பாட்டி?" என்று கேட்டேன். "எங்கட உம்மம்மாதான் டீச்சர். உம்மம்மா என்று எழுதினா புள்ளி குறையும்தானே?" என்றாள்.

தாயின் மௌனமும் மாணவியின் 'பாட்டி'யும் ஒரே எண்ணத்தில் இருந்து பிறந்தவை. வீட்டில் பேசும் தமிழ் பிழையான தமிழ், புத்தகத்தில் இருப்பது மட்டுமே சரியான தமிழ் என்பதே அந்த எண்ணம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டு வழக்குகள்

தமிழ் ஓர் இரட்டை வழக்கு மொழி. ஒரே சமூகத்தில் ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் வெவ்வேறு வேலைகளுக்காக வழங்கிவருவதை இவ்வாறு அழைக்கின்றனர். சார்ள்ஸ் பேர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இந்நிலையை விரிவாக விளக்கினார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜேர்மன், ஹெயிட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் அவர் முதன்மையான எடுத்துக்காட்டுகளாகக் கொண்டார்.

இவற்றுள் அரபு நமக்கு நெருக்கமானது. நாம் ஓதும் அரபும் நூல்களில் எழுதப்படும் அரபும் ஒரு வகை. அரபு நாட்டுத் தெருவில் கேட்கும் அரபு இன்னொரு வகை. மத்ரஸாவில் "கைஃப ஹாலுக" என்று படித்தவர், வளைகுடா நாடொன்றில் வேலைக்குச் சென்றதும் "ஷ்லோனக்" என்ற விசாரிப்பைக் கேட்டுத் திகைப்பார். இரண்டும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதே. அங்குள்ள பிள்ளைகளும் வீட்டில் ஒரு வடிவத்தைப் பேசி, பாடசாலையில் மற்றைய வடிவத்தை எழுதப் பழகுகின்றனர். ஆகவே இது தமிழுக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று.

பேர்குசன் இவ்விரண்டு வடிவங்களுக்கும் உயர் வழக்கு, தாழ் வழக்கு என்று பெயரிட்டார். இப்பெயர்களைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஒன்று மேன்மையானது, மற்றது இழிவானது என்பது இவற்றின் பொருள் அன்று. எது எந்தச் சந்தர்ப்பத்துக்கு உரியதெனச் சமூகம் வகுத்துள்ளது என்பதையே இவை குறிக்கின்றன. எழுத்து வழக்கை நாம் பாடசாலையில் கற்கிறோம். பேச்சு வழக்கை யாரும் கற்பிக்காமலே தாயிடமிருந்து பெறுகிறோம். நமது மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தின் பாயிரமும் அந்நூலுக்கு அடிப்படையாக வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையுமே குறிப்பிடுகிறது.

பேச்சுக்கும் விதி உண்டு

பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் இது சரியன்று என்பது விளங்கும்.

யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் 'ஒன்று' என்பது 'ஒண்டு' ஆகிறது. அதே பேச்சில் 'மூன்று' என்பது 'மூண்டு' ஆகிறது. 'கன்று' என்பது 'கண்டு' ஆகிறது. 'ன்று' வருமிடத்தில் 'ண்டு' ஒலிக்கும் என்பது அங்கே ஒரு விதி. மலையகத்தில் அதே சொல் 'ஒண்ணு' என்றும் 'மூன்று' என்பது 'மூணு' என்றும் வரும். அது இன்னொரு விதி.

இனி, மேற்கிலும் தெற்கிலும் வாழும் முஸ்லிம்களின் பேச்சைக் கவனியுங்கள். 'இருக்கிறது' என்பது 'ஈக்கிது' ஆகிறது. இதைக் கேட்டுப் பிற ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் சிரிப்பதுண்டு. ஆனால் இங்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'இரு' என்பதில் உள்ள 'ரு' கெட்டு, முதலில் நின்ற குறில் நெடிலாகியிருக்கிறது. 'இருந்த' என்பது 'ஈந்த' ஆவதும், 'வந்திருக்கிறது' என்பது 'வந்தீக்கிது' ஆவதும் இதே முறையில்தான். அந்த ஊரில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளையும் இவ்விதியைத் தவறாமல் பின்பற்றும். சொல்லித்தரும்படி கேட்டால்தான் அதற்குத் தெரியாது.

சொற்களிலும் இவ்வாறே. இந்தியாவில் 'தாத்தா' என்றால் பாட்டன். சிங்களத்தில் அதே ஒலியுடைய சொல்லுக்குத் தந்தை என்று பொருள். எமது நாட்டின் மேற்குப் பகுதி முஸ்லிம் வீடுகளில் 'தாத்தா' என்றால் மூத்த சகோதரி. கிழக்கில் அவரையே 'ராத்தா' என்பர். மூத்த சகோதரர் ஓர் ஊரில் 'நானா', இன்னோர் ஊரில் 'காக்கா'. இவற்றுள் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. யாரிடம், எந்த ஊரில் பேசுகிறோம் என்று கேட்டால் விடை கிடைக்கும்.

வேறுபாடு வாயிலும் கையிலும் இல்லை

பேச்சு வழக்கு வாயால் பேசுவது, எழுத்து வழக்கு கையால் எழுதுவது என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழுமையான விளக்கம் அன்று. ஊரில் ஒரு மரணம் நிகழும் வேளையை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் ஒருவர் தொலைபேசியில் அழுதபடி, "மூத்தாப்பா மவுத்தாகிட்டாங்க, உடனே வாங்க" என்பார். சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், "அன்னார் இன்று காலை வபாத்தானார்கள். அன்னாரின் ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகையைத் தொடர்ந்து மையவாடியில் இடம்பெறும்" என்று கேட்கும். இரண்டுமே வாயால் சொல்லப்பட்டவை. ஆனால் இரண்டாவது எழுத்து வழக்கு. அறிவிப்பவரும் அந்த மூத்தாப்பாவின் பேரனாக இருக்கலாம். வீட்டில் 'மவுத்து' என்று சொன்ன அதே வாய் ஒலிபெருக்கி முன்னால் 'வபாத்' என்கிறது. 'மவுத்து', 'வபாத்' இரண்டும் அரபிலிருந்து வந்த சொற்களே. ஆயினும் ஒன்றை வீட்டுக்கும் மற்றதைப் பொது அறிவித்தலுக்கும் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். யாரும் இதை நமக்குப் பாடமாக நடத்தவில்லை.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. வட்ஸ்அப்பில் ஒரு மாணவி, "நாளக்கி ஸ்கூல் ஈக்கா?" என்று கேட்க, மற்றவள் "ஓ, ஈக்கி" என்று பதில் அனுப்புகிறாள். இது விரலால் எழுதப்பட்டது. ஆனால் பேச்சு வழக்கு. இந்த இடத்தில் "நாளைய தினம் பாடசாலை நடைபெறுமா?" என்று ஒருத்தி எழுதினால், தோழிக்கு என்ன கோபமோ என்றே மற்றவள் எண்ணுவாள். அதே மாணவியின் விடுமுறைக் கடிதத்தில், "காய்ச்சல் காரணமாக இரண்டு தினங்கள் பாடசாலைக்குச் சமுகமளிக்க முடியவில்லை" என்று எழுதுவதே பொருத்தம். அங்கே "காய்ச்சல், வர ஏலாமப் போச்சு" என்பது பொருந்தாது.

ஆகவே, எந்த வழக்கு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வாயோ பேனாவோ அன்று. யாருக்குச் சொல்கிறோம், அவருக்கும் நமக்கும் என்ன உறவு, எத்தனை பேர் கேட்கிறார்கள், எதற்காகச் சொல்கிறோம் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டால் இன்னொன்றும் புலப்படும். பிரசங்கி எழுத்து வழக்கில் தொடங்குவார். இடையில் ஒரு கதையைச் சொல்லும்போது பேச்சு வழக்குக்கு இறங்குவார். முடிவுரையில் மீண்டும் எழுத்து வழக்குக்கு ஏறுவார். நல்ல பேச்சாளர் இரண்டையும் அறிந்தவர்.

ஒரு வட்டிலப்பம், இரண்டு குறிப்புகள்

எழுத்து வழக்கு ஏன் இவ்வளவு விரிவாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது? சமையலறையில் இதற்கு விடை உண்டு.

பெருநாளைக்கு முதல் நாள் உம்மா சொல்வார்: "கருப்பட்டியக் கரச்சி வடிச்சிக்கோ. முட்டய அடிச்சி இதில ஊத்து. பால் இவ்வளவு போதும். ஏலக்காய் கொஞ்சம். இனி மூடி அவிய வெய்." மகள் அருகில் நிற்கிறாள். 'இதில்' என்றால் எந்தப் பாத்திரம் என்று தெரிகிறது. 'இவ்வளவு' என்றபோது உம்மாவின் கை காட்டிய அளவு தெரிகிறது. விளங்காவிட்டால், "எவ்வளவு உம்மா?" என்று கேட்கலாம். பேச்சில் பாதியைச் சொற்களும் மீதியைக் கையும் கண்ணும் குரலும் சொல்லிவிடுகின்றன.

அதே குறிப்பைச் சஞ்சிகைக்கு எழுதினால் என்ன நேரும்? வாசிப்பவருக்கு உம்மாவின் கை தெரியாது. கேள்வி கேட்கவும் முடியாது. எனவே எத்தனை முட்டை, எத்தனை கிராம் கருப்பட்டி, எத்தனை கோப்பை தேங்காய்ப்பால் என்பதை எண்ணால் எழுத வேண்டும். 'இதில்' என்பதை 'கரைத்து வடித்த கருப்பட்டிப் பாகில்' என்று மாற்ற வேண்டும். எவ்வளவு நேரம் ஆவியில் அவிக்க வேண்டும் என்பதையும், வெந்துவிட்டதை எப்படி அறிவது என்பதையும் சொல்ல வேண்டும். எதிரில் இல்லாத ஒருவருக்காகப் பேசுவதால் எழுத்து நீளமாகிறது. நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும் என்பதால் ஊர் வேறுபாடுகளைக் குறைத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் 'வாறன்' என்பவரும் மலையகத்தில் 'வாரேன்' என்பவரும் 'வருகிறேன்' என்ற எழுத்தில் ஒன்றுசேர்கின்றனர். எழுத்து வழக்கின் பெரிய பயன் இதுதான். அதனால்தான் அதைப் பிழையறக் கற்க வேண்டும் என்கிறோம்.

ஆனால் உம்மாவின் குறிப்பு குறைபாடுடையது என்று இதற்குப் பொருள் அன்று. அடுப்படியில் நின்று, "மூன்று கோப்பை தேங்காய்ப்பாலினைச் சேர்த்துக்கொள்ளவும்" என்று அவர் கூறினால் வேலை நடக்காது.

எமது முன்னோர் கையாண்ட தமிழ்

எமது சமூகம் இவ்விரண்டு வழக்குகளோடு இன்னுமொரு வழியையும் கண்டது. அதுவே அரபுத் தமிழ். தமிழை அரபு எழுத்துகளால் எழுதும் முறை இது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். குர்ஆன் ஓதப் பழகிய ஒரு பெண்ணுக்கு, தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும், இந்நூல்களை வாசிக்க முடிந்தது. கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் எழுதிய அரபுத் தமிழ் நூல்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாசிக்கப்பட்டன. எனவே, தமிழ் எழுத்தறியாத மூதாட்டி என்று நாம் கருதும் ஒருவர் உண்மையில் ஒரு வாசகியாக இருந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டியொன்றில் அத்தகைய நூல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ் எழுத்திலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய சரித்திரம்' இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. வீட்டில் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ் வழங்கிய சமூகத்திலிருந்து எழுந்த எழுத்து அது.

பின்னர் பேச்சுத் தமிழே இலக்கியத்துக்குள் வந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் எழுதிய நாடகங்கள் 1940 இல் 'நானாடகம்' என்ற நூலாக வெளிவந்தன. தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைத் திக்குவல்லை கமால் தமது கதைகளில் கையாண்டார். பேராசிரியர் எம். ஏ. நுஃமான் இலங்கை முஸ்லிம்களின் தமிழை மொழியியல் முறையில் ஆராய்ந்தார். இக்கால எழுத்துத் தமிழை விளக்கும் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்ற நூலையும் எழுதினார். ஒரே அறிஞர் இரண்டையும் ஆராய்ந்திருக்கிறார் என்பதை மாணவியர் கவனிக்க வேண்டும்.

கட்டுரையில் என்ன செய்யலாம்?

இனி, பரீட்சைக்கு வருவோம். வினாத்தாள் எழுத்து வழக்கையே எதிர்பார்க்கிறது. அதில் சலுகை இல்லை. எனினும் எதைத் திருத்த வேண்டும், எதைத் திருத்தக் கூடாது என்ற தெளிவு வேண்டும்.

முதலாவது, எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்றைக் கவனியுங்கள். எமது சில ஊர்களில் 'நான் போற', 'அவன் போற', 'அவங்க போற' என்று எல்லோருக்கும் ஒரே வினைவடிவம் வருவதுண்டு. பேச்சில் குழப்பம் இல்லை. எழுத்திலோ 'நான் போகிறேன்', 'அவன் போகிறான்', 'அவர்கள் போகிறார்கள்' என்று ஈறு மாற வேண்டும். இப்பழக்கமுள்ள மாணவியர் எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை தனியாகப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, ல, ள, ழ வேறுபாடு. 'பழம்' என்பதைக் கிழக்கில் 'பளம்' என்கிறோம். தெற்கின் சில ஊர்களில் 'பலம்' என்கிறோம். காதில் கேட்டபடி எழுதினால் 'பலம்' வேறு பொருள் தந்துவிடும். இது காதால் அன்றிக் கண்ணால் கற்க வேண்டிய பகுதி. வாசிப்பைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

மூன்றாவது, உறவுப் பெயர்களையும் பண்பாட்டுச் சொற்களையும் மாற்ற வேண்டாம். உம்மா, வாப்பா, உம்மம்மா, நோன்பு, பெருநாள், கந்தூரி ஆகியவை கொச்சைச் சொற்கள் அல்ல. எமது சமூகத்தின் எழுத்திலும் வழங்கும் சொற்கள் இவை. "உம்மா சோறாக்கினாங்க" என்பதில் திருத்த வேண்டியது 'ஆக்கினாங்க' என்பதை மட்டுமே. "உம்மா சோறாக்கினார்" என்பது நல்ல எழுத்துத் தமிழ். 'அன்னை அன்னம் சமைத்தார்' என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நான்காவது, கதையிலும் கட்டுரையிலும் ஒருவர் பேசும் இடம் வந்தால், மேற்கோள் குறிக்குள் அவர் பேசியபடி எழுதுங்கள். மேற்கோளுக்கு வெளியே எழுத்து வழக்கு, உள்ளே பேச்சு வழக்கு. இவ்வெல்லையைக் குழப்பாமல் எழுதினால் வாசிப்பவர் உங்கள் பாத்திரத்தின் குரலைக் கேட்பார்.

அந்த மாணவியிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, உம்மம்மா உண்மையில் என்ன செய்வார், என்ன சொல்வார் என்று கேட்டேன். மறுவாரம் அவள் எழுதிவந்த கட்டுரையில் பூந்தோட்டம் இல்லை. நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் உம்மம்மா இருந்தார். கதவில் தட்டி, "எழும்புங்கோ மக்காள், பாங்கு சொல்லப் போகுது" என்று அவர் சொன்னது அப்படியே மேற்கோளுக்குள் இருந்தது. வகுப்பில் அதை வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தனர். அது கேலிச் சிரிப்பு அன்று. தத்தம் வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசை அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

பயிற்சி

மாணவியரே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டிலுள்ள மூத்த பெண் ஒருவரைப் பத்து நிமிடம் பேச வையுங்கள். அவர் பாடசாலைக்குப் போன காலம், அல்லது போக முடியாதுபோன காரணம், அந்நாளைய பெருநாள், ஊரில் வந்த வெள்ளம் என எதுவாகவும் இருக்கலாம். அவரது அனுமதியோடு கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பின்னர், 

1. அவர் பேசியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.
2. உங்களுக்குப் பொருள் தெரியாத சொற்களைத் தனியே குறித்து, அவரிடமே கேட்டு எழுதுங்கள்.
3. அதே செய்தியை எழுத்து வழக்கில் ஒரு பக்கக் கட்டுரையாக்குங்கள்.
4. முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமற்போனவை எவை, இரண்டாவதில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தவை எவை என்று பட்டியலிடுங்கள்.

நான்காவது படியே இப்பாடத்தின் முக்கிய பகுதி. ஒவ்வொரு வழக்கும் எதற்குப் பயன்படுகிறது என்பதை அந்தப் பட்டியலிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு, சிறப்பாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு எழுத்துத் தமிழைக் கற்பிப்பது எங்கள் பொறுப்பு. அதற்கு அடித்தளமாக அவள் கொண்டுவருவது நீங்கள் வீட்டில் கொடுத்த தமிழ். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். வீட்டில் பேசுவதைப் போலவே பேசுங்கள். உங்கள் கேள்வி எங்களுக்கு விளங்கும்.